லெசோத்தோ போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் தடவை லெசோத்தோவுக்குப் போனபோது அங்கே மொத்தமாக நாலு மணி நேரம்தான் இருந்தேன். தென்னாப்பிரிக்கப் பக்கத்திலிருந்து சானிக் கணவாய் ஏறி, உச்சியில் ஒரு சூடான சூப் குடித்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கம்பளி போர்த்திய ஒருவர் மட்டக்குதிரையில் மலைவிளிம்பை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தார், அவர் போகிற திசையில் ஒரு முழு நாடு இருந்தது. அதைப் பார்க்காமல் வந்துவிட்டேனே என்ற குறை மனதில் தங்கிவிட்டது. அடுத்த முறை பதினோரு நாள் தங்கினேன். அதற்கப்புறம் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் இவை.

லெசோத்தோ எங்கே இருக்கிறது? பெயரை எப்படிச் சொல்வது?

தென்னாப்பிரிக்காவுக்கு உள்ளே இருக்கிறது. நாலாபுறமும் அந்த ஒரே நாடுதான், கடல் கிடையாது. பரப்பளவு சுமார் 30,355 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை இருபது லட்சத்துக்குச் சற்று மேல். பசூட்டோலாந்து என்ற பெயரில் பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்து, 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெற்றது. இப்போதைய மன்னர் மூன்றாம் லெட்சியே. ஆட்சி நடத்துவது பிரதமரும் நாடாளுமன்றமும்தான்.

நம் வரைபடங்களில் லெசோத்தோ என்று போட்டிருப்பார்கள். அங்கே போனால் 'லெசூட்டு' என்றுதான் காதில் விழும். மக்களில் ஒருவர் மொசூட்டு, பலர் பசூட்டு, மொழி செசூட்டு. முதல் எழுத்துகளை மட்டும் மாற்றிப் பழகிக்கொண்டால் போதும்.

எத்தனை நாள் வேண்டும்?

குறைந்தது ஆறு இரவு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வரைபடத்தில் நாடு சின்னதாகத் தெரியும். ஆனால் பாதிக்கு மேல் மலை, சாலைகள் வளைந்து வளைந்து ஏறி இறங்கும். 100 கிலோமீட்டரைக் கடக்கச் சில இடங்களில் மூன்று மணி நேரம் ஆகும். ஒரு நாள் சுற்றுலாவாக வருபவர்களின் பணமும் பெரும்பாலும் எல்லைக்கு அந்தப் பக்கத்து நிறுவனங்களிடமே நின்றுவிடுகிறது. ஒரு இரவு தங்கினால் சமைப்பவருக்கும், குதிரை பிடிப்பவருக்கும், வழிகாட்டிக்கும் கூலி போகும்.

விசா?

முதலில் தென்னாப்பிரிக்க விசாவைப் பாருங்கள். தரைவழியாகப் போக வேறு வழியே இல்லை, விமானமும் பெரும்பாலும் ஜோகனஸ்பர்க் வழியாகத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா கட்டாயம். விண்ணப்பிக்கும்போதே 'பலமுறை நுழைவு' விசா என்று கேளுங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு லெசோத்தோவுக்குள் போய்விட்டால் திரும்பி வர முடியாது, நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காவே இருக்கிறதே! பயணத் திட்டத்தில் லெசோத்தோ இருக்கிறது என்பதையும் விண்ணப்பத்தில் தெளிவாக எழுதுங்கள்.

லெசோத்தோவுக்கான விதிகளைப் புது தில்லியில் உள்ள அந்நாட்டுத் தூதரகத்திடம் நேரடியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லையில் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். குழந்தைகளோடு போனால் பெற்றோர் இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

பருவங்கள் நமக்கு நேர்மாறு. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை கோடையும் மழையும் சேர்ந்து வரும், மே முதல் செப்டம்பர் வரை வறண்ட குளிர்.

என்னைக் கேட்டால் மார்ச் கடைசி, ஏப்ரல். மழை குறைந்து, மலை இன்னும் பச்சையாக, அருவிகளில் தண்ணீர் நிறைய இருக்கும். இரண்டாவதாகச் செப்டம்பர். புல்லெல்லாம் காய்ந்து பழுப்பாகக் கிடக்கும், ஆனால் கிராமங்களில் பீச் மரங்கள் இலை விடும் முன்பே பூத்துவிடும். மண் நிறத்து வட்டக் குடிசைகளுக்கு நடுவே அந்த இளஞ்சிவப்பைப் பார்க்கவே ஒரு தடவை போகலாம்.

டிசம்பர், ஜனவரியில் பிற்பகல்தோறும் இடியும் மின்னலும் வரும். மரமே இல்லாத மலைமுகடுகளில் மின்னல் பெரிய ஆபத்து. நடைப்பயணம் என்றால் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிடுங்கள்.

அவ்வளவு குளிருமா? ஆப்பிரிக்கா அல்லவா?

இந்த ஒரு எண்ணத்தால்தான் நிறையப் பேர் கஷ்டப்படுகிறார்கள். நாட்டின் மிகத் தாழ்வான இடமே கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழு நிலப்பரப்பும் 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிற நாடு உலகில் இது ஒன்றுதான். உச்சிச் சிகரமான தபானா ன்ட்லென்யானா 3,482 மீட்டர். தென்னாப்பிரிக்கப் பக்கத்து டிராக்கன்ஸ்பர்க் தொடர் உட்பட, தெற்கு ஆப்பிரிக்கா முழுவதிலும் அதைவிட உயரமான மலை இல்லை.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேட்டுப்பகுதியில் பனி கொட்டும், இரவு வெப்பநிலை சைபருக்குக் கீழே நன்றாக இறங்கும். மஹ்லசேலாக் கணவாயருகே, 3,000 மீட்டருக்கு மேல், அஃப்ரிஸ்கி என்ற பனிச்சறுக்கு விடுதியே நடக்கிறது. கோடையிலும் திடீரென்று பனி விழலாம். தங்குமிடங்களில் அறை முழுவதும் சூடாக்கும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். கனமான போர்வைகள் தருவார்கள், சில இடங்களில் கணப்பு இருக்கும். உள்ளுடுப்பாக ஒரு வெப்ப உடை, ஒரு கம்பளிச் சட்டை, காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, காதை மூடும் தொப்பி, கையுறை ஆகியவை ஜனவரியிலும் பையில் இருக்கட்டும்.

வெயிலையும் மறக்க வேண்டாம். அந்த உயரத்தில் குளிர்கிறதே என்று முகத்தைத் திறந்துவைத்தால் இரண்டே நாளில் தோல் உரியும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நானும் நினைத்தேன், மூக்கு முழுக்க உரிந்தது.

உள்ளே போவது எப்படி?

பெரும்பாலோர் தலைநகர் மசேருவின் வழியே நுழைகிறார்கள். ஜோகனஸ்பர்க்கிலிருந்து சாலைவழி சுமார் 400 கிலோமீட்டர், புளூம்ஃபான்டைனிலிருந்து 150-க்குள். மசேரு பாலம் என்ற எல்லைச் சாவடி 24 மணி நேரமும் திறந்திருக்கும், வடக்கே ஃபிக்ஸ்பர்க் அருகே உள்ள மபுட்சோ பாலமும் அப்படியே. மற்ற சிறிய சாவடிகள் மாலையில் மூடிவிடும். விமானத்தில் என்றால் ஜோகனஸ்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரம். மசேரு விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

எல்லையில் இரண்டு முத்திரை உண்டு. முதலில் தென்னாப்பிரிக்கா உங்களை வெளியே அனுப்பும், பாலம் தாண்டியதும் லெசோத்தோ உள்ளே எடுக்கும். கூட்ட நெரிசலில் யாரும் நிறுத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு. அப்படியே போய்விட்டால் திரும்பும்போது பெரிய தலைவலி. தேடிப்பிடித்தாவது இரண்டையும் வாங்குங்கள். ஈஸ்டர், கிறிஸ்துமஸ், மாதக் கடைசி வெள்ளிக்கிழமை ஆகிய நாட்களில் தென்னாப்பிரிக்காவில் வேலை செய்யும் பசூட்டு மக்கள் ஊர் திரும்புவார்கள். வரிசை மணிக்கணக்கில் நிற்கும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

வாடகைக் காரில் போகிறவர்கள், வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக நிறுவனம் தரும் அனுமதிக் கடிதத்தை முன்பதிவு செய்யும்போதே கேட்டு வாங்க வேண்டும். என்னோடு வந்த ஒருவர் இதை மறந்து, சாவடியிலிருந்து திரும்பி அரை நாளை இழந்தார்.

சானிக் கணவாயில் சாதாரண கார் ஏறுமா?

ஏறாது, ஏறவும் விடமாட்டார்கள். தென்னாப்பிரிக்கச் சாவடியில் நான்குசக்கர இழுவை இல்லாத வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மண்ணும் கல்லும் கலந்த பாதை, அடுக்கடுக்காகக் கொண்டை ஊசி வளைவுகள், உச்சி 2,876 மீட்டர். இரண்டு சாவடிகளும் காலை 6 மணியிலிருந்து மாலை 6 மணி வரைதான் திறந்திருக்கும். குளிர்காலத்தில் நிழல் விழும் வளைவுகளில் பனி உறைந்து கண்ணாடிபோல் வழுக்கும், அப்போது கணவாயை மூடிவிடுவதும் உண்டு.

சொந்தமாக ஓட்டத் துணிவில்லை என்றால் அண்டர்பெர்க், ஹிமெவில் ஊர்களிலிருந்து ஓட்டுநரோடு வண்டி எடுக்கலாம். அந்த ஊர்களுக்கு டர்பனிலிருந்து இரண்டரை, மூன்று மணி நேரப் பயணம். டர்பன் 1860 முதல் கப்பலில் வந்த தமிழர்களின் வழித்தோன்றல்கள் நிறைய வாழும் ஊர். அரிசி, பருப்பு, ஊறுகாய், மிளகாய்த்தூள் எது வேண்டுமோ அங்கேயே வாங்கி மூட்டை கட்டிவிடுங்கள். மலைக்கு மேலே கிடைக்காது.

உச்சியை அடைந்ததும் திரும்பிவிடாமல், அங்கிருந்து மொகோட்லொங் வரை போகும் தார்ச்சாலையில் தொடருங்கள் என்பதே என் வேண்டுகோள். இந்தக் கணவாய் ஒரு நாட்டின் கிழக்கு வாசல், அந்த வாசற்படியோடு நின்றுவிட வேண்டாம்.

நாட்டுக்குள் வண்டி ஓட்டுவது எப்படி இருக்கும்?

நம்மைப்போல் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். முக்கியச் சாலைகள் நல்ல தார். மசேருவிலிருந்து செமொன்கொங் வரையும், ஹ்லொட்சேயிலிருந்து காட்சே அணை வரையும், புத்தா-புத்தேயிலிருந்து மொகோட்லொங் வழியாகச் சானி உச்சி வரையும் சாதாரண காரிலேயே போகலாம். கிளைச்சாலைகள் வேறு கதை, மழைக்குப் பின் உயரமான வண்டி வேண்டும்.

இருட்டியபின் ஓட்டாதீர்கள். ஆடு, மாடு, கழுதை, கம்பளி போர்த்திய மனிதர் எல்லோரும் அதே சாலையில்தான் நடப்பார்கள், தெருவிளக்கு கிடையாது. மூடுபனி இறங்கினால் வண்டியின் முன்மூக்கே தெரியாது. மேட்டுப்பகுதியில் பெட்ரோல் பங்குகள் தூரம் தூரமாக இருக்கும், சில சமயம் சரக்கும் தீர்ந்திருக்கும். பாதித் தொட்டி ஆனதும் நிரப்புவது நல்ல வழக்கம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்குங்கள். மஃபிகா லிசியுக் கணவாய் 3,090 மீட்டர், அதன் இறக்கத்தில் பிரேக் கருகும் வாசனையை நானே முகர்ந்திருக்கிறேன்.

வண்டி இல்லாமல் முடியுமா?

முடியும், நேரம் இருந்தால். ஊருக்கு ஊர் மினிபஸ் டாக்ஸிகள் ஓடுகின்றன. நேர அட்டவணை கிடையாது, ஆள் நிறைந்ததும் கிளம்பும். காலை ஏழு மணிக்குள் நிலையத்தில் இருந்தால் பெரும்பாலும் அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம். மசேருவுக்குள் 'ஃபோர் பிளஸ் ஒன்' என்ற கார் டாக்ஸிகள் உண்டு: நாலு பயணி, ஒரு ஓட்டுநர். உங்களைப் பார்த்து ஹாரன் அடித்தால் இடம் இருக்கிறது என்று பொருள்.

எதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்?

முதலில் தபா-பொசியு. மசேருவுக்குக் கிழக்கே சுமார் 24 கிலோமீட்டரில் இருக்கும் தட்டையான உச்சி கொண்ட மணற்கல் மலை. 1824-இல் பசூட்டு மக்களின் முதல் மன்னரான முதலாம் மொஷ்வேஷ்வே போர்களுக்கும் பஞ்சத்துக்கும் நடுவே தன் மக்களோடு இதன்மேல் ஏறினார். சிதறி வந்த பல குலத்தவரையும் அடைக்கலம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். இன்றைய பசூட்டு மக்கள் ஒரு தேசமாக ஆனது அந்த மலையில்தான். பல படைகள் வந்தும் அதைப் போரில் யாராலும் பிடிக்க முடியவில்லை. போயர்களோடு (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகள்) நடந்த போர்களில் சமவெளி நிலங்களில் பெரும்பகுதி பறிபோக, 1868-இல் அவர் பிரிட்டனின் பாதுகாப்பைக் கேட்டுப் பெற்றார், 1870-இல் இறந்தார். கல்லறை மேலேயே இருக்கிறது. பெயரின் பொருள் 'இரவின் மலை'. இரவில் மலை வளர்ந்து எதிரிகளை ஏறவிடாமல் செய்யும் என்று சொல்வார்கள். வழிகாட்டியோடு ஏறுங்கள், அவர் சொல்லும் கதை இல்லாமல் மேலே வெறும் கல்தான் தெரியும். அங்கிருந்து பார்த்தால் கிலோவானே என்ற கூம்புக் குன்று தெரியும். கொடியில் இருக்கிறதே மொகொரொட்லோ என்ற புல் தொப்பி, அதன் வடிவம் இந்தக் குன்றிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

அடுத்தது செமொன்கொங் அருகே மலெட்சுன்யானே அருவி. ஒரே வீழ்ச்சியாக 192 மீட்டர். செமொன்கொங் என்றால் 'புகையின் இடம்', அருவியின் சாரல் புகைபோல் எழுவதால் அந்தப் பெயர். பக்கத்துப் பாறையில் கயிறு கட்டி 204 மீட்டர் இறங்கும் ஏற்பாடு இருக்கிறது. ஒரே இறக்கமாக வணிகமுறையில் நடப்பவற்றில் உலகிலேயே நீளமானது என்று கின்னஸ் பதிவு பெற்றது. அதற்கு முன்தினப் பயிற்சி உண்டு. நான் இறங்கவில்லை. எதிர்விளிம்பில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவே நிறைவாக இருந்தது.

காட்சே அணை 185 மீட்டர் உயர வில்வளைவுச் சுவர். 1986-இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்த மலைத் தண்ணீர் சுரங்கக் குழாய்கள் வழியே தென்னாப்பிரிக்காவின் ஜோகனஸ்பர்க் பகுதிக்குப் போகிறது. போகும் வழியில் முவேலாவில் மின்சாரமும் எடுக்கிறார்கள். லெசோத்தோவின் பெரிய வருமானங்களில் இது ஒன்று. அதே நேரத்தில், நீர்த்தேக்கத்துக்கு மேலே உள்ள ஊர்களில் பெண்கள் ஊற்றுக்குக் குடம் எடுத்துப் போவதையும் அங்கேயே பார்ப்பீர்கள். அணையைச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியிடம் அதையும் கேளுங்கள். பக்கத்துத் தாவரவியல் பூங்காவில் சுருள் கற்றாழை இருக்கிறது. லெசோத்தோவில் மட்டுமே இயற்கையாக வளரும் செடி அது. சாலையோரத்தில் யாராவது அதைப் பிடுங்கிவந்து விற்றால் வாங்காதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

நேரம் இருந்தால் மொரிஜா அருங்காட்சியகம், தெயதெயனெங் ஊரில் பெண்கள் மோஹேர் என்ற அங்கோரா ஆட்டு உரோமத்தில் நெய்யும் சித்திரக் கம்பளங்கள், அதற்குக் கிழக்கே பாறைக்கடியில் மண் பூசிக் கட்டிய கோமே குகை வீடுகள். கோமேயில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன, கூப்பிட்டால் மட்டும் உள்ளே போங்கள்.

குதிரை ஏறிப் பழக்கமே இல்லை. மட்டக்குதிரைப் பயணம் போகலாமா?

போகலாம். என்னுடைய பதினோரு நாளில் மிக நல்ல மூன்று நாட்கள் அவைதான். பசூட்டு மட்டக்குதிரைகள் குள்ளமானவை, பொறுமையானவை. கற்பாறைச் சரிவில் எங்கே கால் வைப்பது என்று அவற்றுக்கே தெரியும், கடிவாளத்தை இழுத்து நீங்கள் கற்றுக்கொடுக்க முயலாமல் இருந்தால் போதும். மலெயலெயாவிலும் செமொன்கொங்கிலும் ஒரு மணி நேரப் பயணத்திலிருந்து ஐந்தாறு நாள் பயணம் வரை ஏற்பாடு செய்கிறார்கள். குதிரைகள் கிராமத்தாருடையவை, வழிகாட்டிகளும் அவர்களே.

இரவு வட்டக் குடிசையில் தங்குவீர்கள். தரையில் மெத்தை, எரிவாயு அடுப்பு, மெழுகுவத்தி, வெளியே கழிப்பறை. உணவும் தூங்கும் பையும் உங்களுடையது. தொடை உராயாமல் இருக்க நீளமான தடித்த கால்சட்டை போடுங்கள். இரண்டாம் நாள் உட்காரவே வலிக்கும், மூன்றாம் நாள் சரியாகிவிடும். எடை வரம்பு உண்டு, முன்பதிவிலேயே உண்மையைச் சொல்லிவிடுங்கள், சுமப்பது ஒரு உயிர். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். அவ்வளவு நட்சத்திரங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், வகைதான் குறைவு. அன்றாடச் சாப்பாடு பாபா: வெள்ளை மக்காச்சோள மாவைக் கெட்டியாகக் கிளறிய களி. தொட்டுக்கொள்ள மொரோஹோ, பொடியாக அரிந்து வதக்கிய கீரை. களியும் கீரையும் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்காது. நியெக்வே என்று சோளத்தையும் பயறையும் சேர்த்து வேகவைப்பார்கள், கிடைத்தால் விடாதீர்கள். காலையில் மொட்டோஹோ, புளித்த சோளக் கூழ். வாயில் வைத்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. தெருவில் எண்ணெயில் பொரித்த மக்வென்யா என்ற மாவுருண்டை விற்பார்கள், பயணத்துக்கு நல்ல துணை. கீரையைச் சில இடங்களில் இறைச்சிக் கொழுப்பிலோ இறைச்சிச்சாறு கலந்த மசாலாவிலோ வதக்குவார்கள், 'நாமா வேண்டாம்' என்று முன்பே சொல்லுங்கள். நாமா என்றால் இறைச்சி.

கிராமத்தில் கம்பு நட்டுத் துணிக்கொடி பறப்பதைப் பார்ப்பீர்கள். வெள்ளைக் கொடி என்றால் அந்த வீட்டில் சோள பீர் விற்பனைக்கு, மஞ்சள் என்றால் மக்காச்சோள பீர், சிவப்பு இறைச்சிக்கு, பச்சை காய்கறிக்கு.

மக்களோடு எப்படிப் பேசுவது?

செசூட்டும் ஆங்கிலமும் ஆட்சிமொழிகள். நகரத்தில் ஆங்கிலம் போதும், மலைக்குள் போதாது. ஆனால் எங்கே போனாலும் முதலில் வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்காதீர்கள். வழி கேட்பதாக இருந்தாலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, அப்புறம்தான் கேள்வி.

வணக்கத்துக்கான சொல்லை 'லுமேலா' என்று எழுதுவார்கள், 'டுமேலா' என்று சொல்வார்கள். லெசோத்தோ எழுத்துமுறையில் இகர உகரத்துக்கு முன் வரும் 'ல' எல்லாம் 'ட' ஒலியாக மாறும், அறிவிப்புப் பலகைகளைப் படிக்கும்போது இது உதவும். வயதில் பெரிய ஆணை 'ன்டாடே' என்றும் பெண்ணை 'ம்மே' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா, அம்மா என்றே பொருள், முன்பின் தெரியாதவர்களையும் அப்படித்தான் அழைப்பார்கள். இளவயதினர் என்றால் 'அபுட்டி', 'அவுசி': அண்ணன், அக்கா மாதிரி. நன்றிக்குக் 'கியா லெபோஹா'. 'டுமேலா ம்மே' என்று நான் தயங்கிச் சொன்ன இடத்தில்கூட எதிரே இருந்த முகம் அப்படியே மலர்ந்துவிடும்.

பிள்ளைகள் ஓடிவந்து இனிப்பு கேட்பார்களாமே?

கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மனம் கேட்காது, எனக்கும் கேட்கவில்லை. ஆனால் காரைக் கண்டதும் சாலைக்கு ஓடிவரும் பழக்கத்தை உண்டாக்கியது நம்மைப் போன்ற பயணிகள்தான். அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிருக்கே ஆபத்து. பல் மருத்துவரும் பக்கத்தில் இல்லை. உதவ நினைத்தால் ஊர்ப் பள்ளியில் ஆசிரியரைப் பார்த்துத் தேவையைக் கேட்டுக் கொடுங்கள். வழியில் மாடு மேய்க்கும் பையன்களைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லுங்கள், நாள் முழுக்கப் பேச ஆளில்லாமல் இருப்பவர்கள். அவர்களுடைய நாய்கள் கோபக்காரப் பிறவிகள், அவர்கள் அதட்டி அடக்கும்வரை நெருங்க வேண்டாம்.

இன்னொன்று. குளிர்காலத்தில் முகத்தில் வண்ணம் பூசி, கம்பளி போர்த்திய இளைஞர் கூட்டங்களை மலையில் பார்க்க நேரலாம். வயதுக்கு வருவதற்கான தீட்சைச் சடங்கில் இருப்பவர்கள். வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை, படம் எடுக்காமல் விலகிப் போங்கள்.

பசூட்டுக் கம்பளி வாங்கலாமா? நாம் போர்த்தினால் தவறாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். மொஷ்வேஷ்வே காலத்தில் வணிகர்கள் கொண்டுவந்து பழகிய பொருள்தான் இது, நூற்றைம்பது ஆண்டுகளில் அந்த மக்களின் அடையாளமாகவே ஆகிவிட்டது. பிறப்பு, திருமணம், பட்டம் எல்லாவற்றுக்கும் ஒரு கம்பளி உண்டு. செனமரேனா என்பது மிக மதிப்பானது. அதில் மக்காச்சோளக் கதிர் வடிவம் இருக்கும். கோடுகள் செங்குத்தாக விழும்படி போர்த்த வேண்டும், படுக்கையாக விழுந்தால் வளர்ச்சி தடைப்படும் என்பார்கள். ஆண்கள் வலது தோளிலும் பெண்கள் மார்புக்கு முன்னும் பெரிய ஊக்கு குத்துகிறார்கள். விலை கூடுதல்தான், அசல் கம்பளி நூல். சாலையோர நினைவுப்பொருள் கடையை விட்டு, ஊர்க்காரர்கள் வாங்கும் மசேரு கடைகளில் வாங்குங்கள். கனம் அதிகம், விமானப் பையில் முதலிலேயே இடம் விடுங்கள். வாங்கிய அன்றே போர்த்திக்கொண்டால் மீதி நாட்கள் குளிரவே குளிராது.

பாதுகாப்பு?

கிராமங்களில் எனக்கு ஒரு கணமும் பயம் வந்ததில்லை. மசேரு வேறு. பகலில் கூட்டமான இடங்களில் பையைக் கவனித்தால் போதும். இருட்டிய பின் நடக்க வேண்டாம், விடுதியிலிருந்தே டாக்ஸி சொல்லுங்கள். துப்பாக்கிக் குற்றங்கள் இருக்கும் நாடு என்பதை மறைக்க விரும்பவில்லை. மலையில் தனியாக நடக்கவும் வேண்டாம், ஊரிலிருந்து வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். தனியாகப் போகும் பெண்களுக்கும் இதையே சொல்வேன். அரண்மனை, காவல்துறை, எல்லைச் சாவடி ஆகியவற்றைப் படம் பிடிக்காதீர்கள்.

உடல்நலம்?

மலேரியா இல்லை, அந்த மாத்திரை தேவைப்படாது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு வழியாக வந்தால் மட்டும் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். ஓடைத் தண்ணீர் தெளிவாக இருக்கும், மேலே மந்தைகள் மேயும், கொதிக்கவைத்துக் குடியுங்கள். டர்பனிலிருந்து ஒரே நாளில் சானி உச்சிக்கு வந்தால் தலைவலியும் மூச்சிரைப்பும் வரலாம். முதல் நாள் மெதுவாக நடந்து, தண்ணீர் நிறையக் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். குறையாமல் கூடிக்கொண்டே போனால் உடனே இறங்கிவிட வேண்டும். பெரிய மருத்துவமனை தேவைப்பட்டால் புளூம்ஃபான்டைனுக்குத்தான் கொண்டுபோவார்கள், ஆகவே மீட்புச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு அவசியம். எச்ஐவி பாதிப்பு உலகிலேயே மிக அதிகமாக உள்ள நாடுகளில் இதுவும் ஒன்று. கூடப் பழகுவதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ எதுவும் வராது. அதை நினைத்து யாரிடமும் ஒதுங்கி நடக்காதீர்கள்.

போன், மின்சாரம்?

தென்னாப்பிரிக்க சிம் எல்லை தாண்டியதும் ரோமிங் ஆகிவிடும். வோடாகாம் லெசோத்தோ அல்லது ஈகோநெட் சிம் ஒன்றைப் பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்குங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். மின்சாரம் 220 வோல்ட், கிட்டத்தட்ட நம்மைப்போல்தான். சுவரில் இருப்பது தடித்த மூன்று உருளைக்கால் துளை, நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் இருக்கிற பெரிய பிளக் மாதிரி. சின்னப் பிளக் அதில் நிற்காது, அடாப்டர் ஒன்று வேண்டும். மலை விடுதிகள் சிலவற்றில் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஜெனரேட்டர் ஓடும், அப்போதே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டுவிடுங்கள்.

பணம்? மிச்சமானால் என்ன செய்வது?

நாணயத்தின் பெயர் லோட்டி, பன்மையில் மலோட்டி. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமம், ஒன்றுக்கு ஒன்று. ராண்டையே எங்கும் கொடுக்கலாம், மீதிச் சில்லறை மட்டும் மலோட்டியில் வரும். ஏடிஎம் மசேருவிலும் சமவெளி ஊர்களிலும் உண்டு, மலையேறும் முன் எடுத்துக்கொள்ளுங்கள். குதிரைக்கும் வழிகாட்டிக்கும் கிராமத்துத் தங்கலுக்கும் ரொக்கம்தான், அதுவும் சிறிய நோட்டுகளாக.

எல்லை தாண்டினால் மலோட்டியைக் கடைகளில் வாங்க மாட்டார்கள். அதனால் கடைசி நாளில் வண்டியின் பெட்ரோல் தொட்டியை நிரப்பி, வழிக்கு மக்வென்யா வாங்கி, அப்புறமும் மிஞ்சினால் விடுதியில் துணி துவைத்துக் கொடுத்தவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுங்கள். போகிறவர் இருக்கிறவரிடம் சொல்ல வேண்டியது 'சாலா ஹான்ட்லே', நல்லபடி இருங்கள். அவர் பதிலுக்குச் சொல்வார் 'சமாயா ஹான்ட்லே', நல்லபடி போய்வாருங்கள்.